போமனை நம்புங்கள், எண்ணெய் அளவையும் பாருங்கள்

மாணவர்களே, உங்கள் வீட்டுக் கார் சர்வீஸுக்குப் போகும் நாளில் என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? அப்பாவோ அம்மாவோ சாவியை முகப்பில் கொடுக்கிறார்கள். குளிர்சாதன அறையில் அமர்ந்து காப்பி குடிக்கிறார்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பெயரைச் சொல்லி அழைக்கிறார்கள். ரசீதில் பத்துப் பதினைந்து வரிகள் இருக்கின்றன. பணம் கட்டியதும் கார் வீடு திரும்புகிறது. அந்த இரண்டு மணி நேரத்தில் காருக்கு அடியில் என்ன நடந்தது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

ஆனாலும் மறுநாள் அதே காரில் குடும்பமே ஏறி நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் போகிறோம். நாம் போமன் என்று அழைக்கும் மெக்கானிக் மீது வைக்கும் இந்த நம்பிக்கை சரியானதா? சரியானதுதான் என்பது என் கருத்து. ஆனால் நம்புவதோடு நம் வேலை முடிந்துவிடுவதில்லை. எனக்கு இது புரிந்தது ஒரு சொட்டு எண்ணெயால்.

சிமெண்டுத் தரையில் ஒரு கறை

சென்ற ஆண்டு தீபாவளிக்கு ஊருக்குப் போகும் முன் என் காரை, அதை விற்ற நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் விட்டேன். எண்ணெய் மாற்றும் வழக்கமான வேலைதான். மாலையில் எடுத்து வந்தேன். மறுநாள் காலை வாசலில் காருக்கு அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு கறை. தொட்டுப் பார்த்தேன். தேன் நிறத்தில் புத்தம் புதிய எண்ணெய்.

காரை அப்படியே ஓட்டிக்கொண்டு போய்ச் சண்டை போடலாம் என்று சாவியை எடுத்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர், முப்பது ஆண்டு லாரி பட்டறையில் வேலை பார்த்தவர், தடுத்துவிட்டார். "தம்பி, ஸ்டார்ட் பண்ணாதீங்க. முதல்ல கம்பியை எடுத்துப் பாருங்க" என்றார். எண்ணெய் அளவு காட்டும் கம்பியை இழுத்துப் பார்த்தோம். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது.

இதில் என்ன ஆபத்து? ஒரு சிறிய காரின் இஞ்சினில் ஏறக்குறைய மூன்று லிட்டர் எண்ணெய் இருக்கும். நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் உலோகப் பாகங்களுக்கு நடுவே அது மெல்லிய படலமாக நின்று, ஒன்றையொன்று உரசாமல் காக்கிறது. வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. படலம் அறுந்தால் உலோகம் உலோகத்தைத் தேய்க்கும். சூடேறி இறுகி இஞ்சின் நின்றுவிடும். கருவிப் பலகையில் எண்ணெய்க் குவளை வடிவில் எரியும் சிவப்பு விளக்கு, எண்ணெய் அழுத்தம் விழுந்துவிட்டது என்பதற்கான அடையாளம். அது எரிந்தால் "வீடு வரைக்கும் போய்விடலாம்" என்று நினைக்கக் கூடாது. பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி உடனே இஞ்சினை நிறுத்த வேண்டும்.

"நான்தான் அண்ணே"

படம் எடுத்துக்கொண்டு சர்வீஸ் மையத்துக்குத் தொலைபேசியில் அழைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், கத்தினேன். "யார் செய்தது? அந்த ஆளை முதலில் வேலையை விட்டு அனுப்புங்கள்" என்றேன். ஒரு மணி நேரத்தில் மேற்பார்வையாளர் ஓர் இளைஞனோடு வந்து இறங்கினார். இருபது, இருபத்தொரு வயது இருக்கும். காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான். முகம் வெளுத்திருந்தது.

"நான்தான் அண்ணே. வடிக்கிற போல்ட்டைக் கையால திருகிட்டேன். ஸ்பேனர் போடறதுக்குள்ள இன்னொரு காரை இறக்கக் கூப்பிட்டாங்க. திரும்பி வந்தப்ப, இறுக்கிட்டேன்னு நினைச்சு எண்ணெய் ஊத்திட்டேன்."

அந்த நான்கு வாக்கியங்களில் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. "ரோட்டில் கல் அடித்திருக்கும்" என்று அவன் சொல்லியிருந்தால் என்னால் மறுத்திருக்க முடியாது. ஆனால் கோளாறு எங்கே என்று யாருக்கும் தெரிந்திருக்காது. அடுத்த வாரம் இன்னொரு குடும்பத்தின் காரில் அதே போல்ட் தளர்ந்திருக்கும்.

உங்களுக்கும் இது நடந்திருக்கும். பள்ளிக்குக் கிளம்பிப் பாதி வழியில் "கதவைப் பூட்டினோமா?" என்று சந்தேகம் வரும். தினமும் செய்யும் வேலையில் நேற்றைய நினைவும் இன்றைய நினைவும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. நடுவில் யாராவது கூப்பிட்டால் விட்ட இடம் மறந்துபோகிறது. திறமையும் அனுபவமும் உள்ளவர்களுக்கும் இப்படி நேரும்.

90 போல்ட்டுகள்

1990 ஜூன் 10 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 5390 இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலகாவுக்குக் கிளம்பியது. சுமார் 17,000 அடி உயரத்தில் விமானி இருக்கைக்கு எதிரே இருந்த முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு பறந்தது. காற்றழுத்த வேறுபாட்டால் விமானியின் மேலுடல் வெளியே இழுக்கப்பட்டது. பணியாளர்கள் அவர் கால்களை இறுகப் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுத்ஹாம்டனில் விமானத்தைத் தரையிறக்கினார். விமானி உட்பட அனைவரும் உயிர் தப்பினர்.

காரணம் என்ன தெரியுமா? பறப்பதற்குச் சற்று முன்புதான் அந்தக் கண்ணாடி மாற்றப்பட்டிருந்தது. அதைப் பிடித்திருந்த 90 போல்ட்டுகளில் 84, தேவையான விட்டத்தைவிட ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவே மெலிந்தவை. மீதி ஆறும் நீளம் போதாதவை. பொருத்தியவர் அனுபவமிக்க பராமரிப்பு மேலாளர். பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டுப் புதியதை எடுத்தார்; பாகங்களின் பட்டியலைப் பார்க்கவில்லை. அந்த வேலையை இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டும் என்ற விதியும் அப்போது இல்லை.

விசாரணை, தவறு செய்தவர் யார் என்பதோடு நின்றுவிடவில்லை. இரவுப் பணி எப்படி நடந்தது, பாகங்கள் எப்படி வைக்கப்பட்டிருந்தன, அந்தத் தவறு ஏன் யார் கண்ணிலும் படவில்லை என்றெல்லாம் ஆராய்ந்தது. விமானப் பயணம் இன்று இவ்வளவு பாதுகாப்பாக இருப்பதற்கு, இப்படிக் கேட்கும் பழக்கம் ஒரு முக்கியக் காரணம். கார் பட்டறையிலும் அதே கேள்விகளைக் கேட்கலாம்.

கை உணர்வா, கருவியா?

சக்கர நட்டுகளை எடுத்துக்கொள்வோம். பல சிறிய கார்களில் அவற்றைச் சுமார் 100 நியூட்டன் மீட்டர் திருப்புவிசையில் இறுக்க வேண்டும். அரை மீட்டர் நீள ஸ்பேனரின் முனையில் 200 நியூட்டன் விசை கொடுத்தால் அந்த அளவு கிடைக்கும். ஸ்பேனர் கால் மீட்டர்தான் என்றால் 400 நியூட்டன் வேண்டும். கருவியின் நீளம் மாறினாலே கணக்கு மாறுகிறது என்றால், "கை உணர்வு" எப்படிப் போதும்? குறைவாக இறுக்கினால் நட்டு தளரும். அளவுக்கு மீறி இறுக்கினால் மரை தேய்ந்துவிடும். அதற்காகத்தான் குறித்த அளவு வந்ததும் "டக்" என்று ஒலி எழுப்பும் டார்க் ரெஞ்ச் இருக்கிறது.

விற்பனை நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தை நான் இன்னும் நம்புவதற்கு இதுவே காரணம். உங்கள் கார் மாடலுக்கான அளவுகளும் கருவிகளும் அங்கே இருக்கின்றன. தயாரிப்பாளரின் அறிவுறுத்தல்கள் அங்கே வந்து சேர்கின்றன. எந்தத் தேதியில் என்ன செய்தார்கள் என்ற பதிவும் இருக்கிறது. தெருமுனைப் பட்டறையிலும் அருமையான போமன்கள் உண்டு. எங்கே போனாலும், கருவியைப் பயன்படுத்துகிறாரா, பதிவு வைக்கிறாரா என்று பாருங்கள். சுவரில் தொங்கும் சான்றிதழைவிட அது அதிகம் சொல்லும்.

தவறு நடந்துவிட்டால்

"அப்படியென்றால் எல்லாவற்றையும் மன்னித்துவிட வேண்டுமா?" என்று நீங்கள் கேட்கலாம். வேண்டியதில்லை. தவறுகளைப் பிரித்துப் பாருங்கள். நடுவில் கூப்பிட்டதால் போல்ட்டை இறுக்க மறந்தது கவனப் பிசகு. அதைச் செய்தவரே சரிசெய்ய வாய்ப்புக் கொடுக்கலாம். அதே பிசகு மறுபடியும் மறுபடியும் நடந்தால் அது நிர்வாகத்தின் அலட்சியம், இடத்தை மாற்றுங்கள். மாற்றாத வடிகட்டியை மாற்றியதாக ரசீதில் எழுதினால் அது ஏமாற்று. அதற்கு மன்னிப்பே கிடையாது.

எந்த வகையானாலும் முதலில் ஆதாரம் வேண்டும். படம் எடுங்கள், தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் குறித்துக்கொள்ளுங்கள், ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். பிறகு நடந்ததை மட்டும் அமைதியாகச் சொல்லுங்கள். சரிசெய்ததை எழுத்தில் கேளுங்கள். என் விஷயத்தில் மேற்பார்வையாளர், "சின்ன விஷயம்தானே சார், எழுத வேண்டாமே" என்றார். நான் விடவில்லை. எண்ணெய் கசிந்ததையும் புதிதாக ஊற்றியதையும் வேலைத்தாளில் எழுதி வாங்கினேன். ஆறு மாதம் கழித்து இஞ்சினில் ஏதாவது கோளாறு வந்தால், பேச்சு நிற்காது; அந்தத் தாள்தான் நிற்கும்.

பேசித் தீராவிட்டால் சட்டம் இருக்கிறது. நமது 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவை தருபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் 50,000 ரிங்கிட் வரை இழப்பீடு கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் அங்கேயும் முதலில் கேட்பது ஆதாரத்தைத்தான்.

இது பெரியவர்கள் விஷயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 16 வயதில் மோட்டார் சைக்கிள் உரிமமும் 17 வயதில் கார் உரிமமும் எடுக்கலாம். உங்களில் சிலர் தொழிற்கல்லூரிக்குப் போய் நாளைக்கு அதே போல்ட்டுக்கு அடியில் படுத்திருப்பீர்கள். அப்போது தவறு நேர்ந்தால் "நான்தான்" என்று சொல்ல உங்களுக்குத் துணிவு வேண்டும். அப்படிச் சொல்பவரை வேலையை விட்டுத் துரத்தும் பட்டறையில் அந்தத் துணிவு எத்தனை நாளைக்கு நிற்கும்? "அந்த ஆளை அனுப்புங்கள்" என்று கத்திய என்னைப் போன்ற வாடிக்கையாளர்களும் இதற்குப் பொறுப்பாளிகள்தாம். காரை ஒப்படைக்கும்போதே மேற்பார்வையாளரிடம் என் வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை, காரை எடுக்கும் முன், வீட்டில் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு முன்மூடியைத் திறங்கள். கார் சமதளத்தில் நிற்க வேண்டும். எண்ணெய்க் கம்பியை இழுத்துத் துடையுங்கள். மறுபடி உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். எண்ணெய் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருந்தால் நல்லது. கீழே இருந்தால் ஆபத்து. மேலே மிகவும் அதிகமாக இருந்தாலும் தொல்லைதான். சுழலும் தண்டு எண்ணெயை அடித்து நுரையாக்கிவிடும், நுரைக்கு உயவூட்டும் சக்தி குறைவு. பிறகு குனிந்து தரையில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

ஆறு மாதம் கழித்து அடுத்த சர்வீஸுக்கு அதே மையத்துக்குத்தான் போனேன். அதே தம்பிதான் வேலை செய்தான். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, தூக்கி நிறுத்திய காருக்கு அடியில் கைவிளக்கைக் காட்டினான். இறுக்கிய போல்ட்டின் மேலும் பக்கத்து உலோகத்தின் மேலும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு இழுத்திருந்தான். போல்ட் கொஞ்சம் தளர்ந்தாலும் கோடு விலகிவிடும். இப்போது எல்லாக் கார்களிலும் இப்படிக் கோடு போட்ட பிறகுதான் எண்ணெய் ஊற்றுகிறார்களாம். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் காலை வழக்கம்போல் தரையைக் குனிந்து பார்த்தேன். காய்ந்திருந்தது.