சோறு புளிக்கட்டும், மீன் வேகட்டும்

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில், தமிழ்நாடு முடிந்து கர்நாடகம் தொடங்கும் இடம் பாலாறு. வேலூர் வழியாக ஓடி வங்கக் கடலில் கலக்கும் பாலாறு வேறு. இது மலைக்காடுகளிலிருந்து இறங்கி, மேட்டூர் நீர்த்தேக்கம் பின்னோக்கிப் பரவும் பகுதியில் காவிரியோடு சேர்ந்துவிடும் சிற்றாறு. எல்லையின் கர்நாடகப் பக்கம் 1997 வரை மைசூர் மாவட்டமாக இருந்தது. பிறகு சாமராஜநகர் மாவட்டம் ஆனது. வெளியூர்க்காரர்களில் பலருக்கு இந்தப் பெயரை அறிமுகப்படுத்தியது 1993 ஏப்ரலில் வீரப்பன் கும்பல் வைத்த கண்ணிவெடி. அதில் 22 பேர் பலியானார்கள். ஆனால் அந்தச் சாலையில் அடிக்கடி போய்வருபவர்களுக்குப் பாலாறு என்றால் மீன். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின் உருவான பெரிய நீர்ப்பரப்பில் பரிசலில் போய் வலை வீசுகிறார்கள். கட்லா, ரோகு, ஜிலேபி, கெளுத்தி, வாளை என்று கிடைக்கிறது. கரையேறும்போது மீன் துள்ளிக்கொண்டிருக்கும்.

அப்படித் துள்ளும் மீனைக் கையில் வாங்குபவருக்கு இன்று ஒரு புது யோசனை வரக்கூடும். பெங்களூரிலும் சென்னையிலும் ஐந்து நட்சத்திர ஓட்டல்களின் சமாச்சாரமாக இருந்த சுஷி இப்போது வீட்டுக்குள் வந்துவிட்டது. கடற்பாசித் தாளும் மூங்கில் பாயும் தபாலில் வீடு தேடி வருகின்றன. பிள்ளைகள் படம் பார்த்துவிட்டு, நாமும் சுருட்டிப் பார்ப்போம் என்கிறார்கள். ஜப்பானியர்கள் புதிய மீனைப் பச்சையாக வைத்துச் சாப்பிடுகிறார்கள். இதைவிடப் புதிய மீன் எங்கே கிடைக்கும் என்று தோன்றுவது இயல்புதான்.

ஆபத்து அந்த இடத்தில்தான் இருக்கிறது. புதுசு என்பது வேறு, பத்திரம் என்பது வேறு. மீன் கெட்டுப்போகவில்லை என்பதற்குத்தான் புதுமை அத்தாட்சி. மீனின் சதைக்குள் ஒட்டுண்ணிப் புழு இல்லை என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. மீன் எவ்வளவு உயிர்ப்போடு இருக்கிறதோ, புழுவும் அவ்வளவு உயிர்ப்போடு இருக்கும்.

நன்னீர் மீனைப் பச்சையாகச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதி பெரிய சாட்சி. அங்கே கெண்டை இன மீன்களைப் பொடியாக நறுக்கி, எலுமிச்சையும் மிளகாயும் சேர்த்துப் பச்சையாக உண்ணும் பழக்கம் உண்டு. அதன் வழியாக ஈரலுக்குள் போகும் தட்டைப் புழு பித்தநாளத்தில் பல ஆண்டுகள் தங்கி, கடைசியில் புற்றுநோயில் கொண்டுபோய் விடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994இல் இந்தப் புழுவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. நம் கட்லாவும் ரோகுவும் அதே கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை நினைவில் வைப்பது நல்லது.

ஜப்பானும் இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் கற்றது. இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில், விரால் இன மீனைப் பச்சையாகத் தின்றவர்களின் தோலுக்கடியில் ஒரு புழு ஊர்ந்து திரியும் நோய் அங்கே பரவியது. எலுமிச்சையும் வினிகரும் மீனின் நிறத்தை மாற்றி வெந்ததுபோலக் காட்டும். புழுவைக் கொல்ல அவற்றை நம்ப முடியாது.

அப்படியானால் ஓட்டலில் தரும் பச்சை மீன்? அதில் பெரும்பகுதி கடல் மீன். அதுவும் ஆழ்ந்து உறையவைக்கப்பட்டு வருவது. பச்சையாக உண்ணப்படும் மீனை மைனஸ் 20 டிகிரியில் 7 நாட்கள், அல்லது மைனஸ் 35 டிகிரியில் உறையவைத்து அதே குளிரில் 15 மணி நேரம் வைக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவுத் துறையின் வழிகாட்டல். சில வகைச் சூரை மீன்களுக்கும், கட்டுப்பாட்டுடன் வளர்க்கப்படும் சில மீன்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு. வீட்டு ஃப்ரிட்ஜின் உறைபெட்டி மைனஸ் 18ஐ எட்டினாலே அதிகம். ஐஸ்கிரீமுக்காகக் கதவைத் திறந்து மூடும் வீட்டில் அதுவும் நிற்காது. ஆகவே வீட்டுச் சுஷிக்குப் பாலாற்று மீன் பச்சையாக உதவாது. இதில் பேரத்துக்கு இடமில்லை.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டியதும் இல்லை. சுஷி என்ற சொல்லுக்கும் பச்சை மீனுக்கும் சம்பந்தமே கிடையாது. பழைய ஜப்பானிய மொழியில் அந்தச் சொல்லின் பொருள் புளிப்பு. பச்சை மீன் துண்டுகளை மட்டும் தட்டில் வைத்தால் அதற்குப் பெயர் சஷிமி. புளிப்பூட்டிய சோறு இருந்தால்தான் அது சுஷி. தமிழில் ஒரு பெயர் வைப்பதானால் புளிச்சோறு என்றே வைத்துவிடலாம். வழிப்பயணத்துக்குப் புளிச்சோற்றை இலையில் கட்டிக்கொண்டு போனவர்களுக்கு அந்தக் கருத்து அந்நியமாகத் தோன்றாது.

அதன் பூர்வீகமும் கடற்கரை அல்ல. தென்கிழக்கு ஆசியாவின் நெல்வயல் பகுதிகளில் நன்னீர் மீனுக்கு உப்புப் போட்டு, சோற்றுக்குள் புதைத்து, மாதக்கணக்கில் புளிக்கவைத்த முறையிலிருந்து அது வளர்ந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஜப்பானின் பிவா ஏரிக்கரையில் இன்றும் ஒரு கெண்டை வகையை அப்படித்தான் பதப்படுத்துகிறார்கள். சோறு காத்திருந்து புளிக்கும் நேரத்தை மிச்சப்படுத்தப் பின்னாளில் வினிகர் வந்தது. இன்று உலகமெங்கும் தெரிந்த, கையால் பிடித்து மேலே மீன் வைக்கும் வகை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், தெருக்கடை உணவாகப் பிரபலமானது.

கடலுக்குத் தூரத்தில் இருந்த ஜப்பானியர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் பாலாற்றுப் பக்கத்து அடுக்களைக்குப் பயன்படும் செய்தி. கியோட்டோ நகரத்தார் கடற்கரையில் உப்பிட்டு மலைப்பாதையில் சுமையாக வந்த கானாங்கெளுத்தியை வினிகரில் ஊறவைத்துச் சோற்றோடு அழுத்தினார்கள். நாரா பகுதியில் உப்பு மீனையும் சோற்றையும் இலையில் பொதிந்தார்கள். கோச்சி மாநிலத்தின் மலைக் கிராமங்களில் மீனே இல்லாமல் மூங்கில் குருத்தும் காய்களும் வைத்தார்கள். சோற்றுக்கு வினிகருக்குப் பதில் யூசு என்ற எலுமிச்சை வகைச் சாற்றைப் பிழிந்தார்கள். உள்ளூரில் கிடைப்பதை வைத்துச் செய்வது சுஷிக்குக் குறையாகக் கருதப்பட்டதே இல்லை.

சுருள் வகையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். டோக்கியோவின் பழைய சுருள்களில் ஒன்று சுரைக்காய்ச் சுருள். சுரைக்காயை நாடா நாடாகச் சீவி வெயிலில் காயவைத்து, பிறகு ஊறவைத்து, சோயா சாஸும் சர்க்கரையும் சேர்த்து வேகவைத்து உள்ளே வைப்பார்கள். அந்த வற்றலுக்குப் பெயர் போன ஊர் தோச்சிகி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. வீட்டுச் சுரைக்காய் சுஷிக்கு உதவும். வெள்ளரிக்காய்ச் சுருளுக்குக் ‘கப்பா’ சுருள் என்று பெயர். கப்பா என்பது ஆற்றில் வாழ்வதாகச் சொல்லப்படும் குட்டிப் பூதம். அதற்கு வெள்ளரிக்காய் என்றால் உயிராம். முட்டைச் சுருளும், வேகவைத்த இறாலும், சுட்ட விலாங்கும் மரபான சுஷிதான். விலாங்கைப் பச்சையாக வைப்பதே இல்லை. அதன் இரத்தத்தில் நஞ்சு உண்டு.

ஆற்று மீனுக்கும் இடம் இருக்கிறது. வெள்ளைச் சதை மீனை வேகவைத்து, முள் நீக்கி, உதிர்த்து, சர்க்கரையும் உப்பும் சேர்த்து வாணலியில் ஈரம் போக வதக்கினால் கிடைப்பதைத் தடிமனான சுருள்களுக்குள் ஜப்பானியர்கள் தூவுகிறார்கள். நம் சுறாப் புட்டைச் செய்தவர்களுக்கு இந்தக் கைவேலை அத்துப்படி. ஜிலேபி மீனின் தடித்த சதையோ கட்லாவின் முதுகுத் துண்டோ இதற்கு ஏற்றது. கட்லாவில் சதைக்குள் கவட்டை முள் இருக்கும் என்பதால், உதிர்த்த பிறகு விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட வேண்டும்.

இனி சோறு. சுஷியின் பாதி வெற்றி இதில் இருக்கிறது. ஜப்பானிய அரிசி குட்டையாக, உருண்டையாக இருக்கும். வெந்தால் பருக்கை உடையாமல் ஒன்றோடொன்று ஒட்டும். பெருநகரக் கடைகளில் கிடைக்கிறது. கிடைக்காதவர்கள் புதுப் பச்சரிசியை எடுக்கலாம். பழைய அரிசி உதிரும், புது அரிசி குழையும் என்பது பொங்கல் வைக்கும் வீட்டுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புழுங்கல் அரிசியும் பாசுமதியும் ஒட்டாது. செட்டிநாட்டுக் கவுனி அரிசி நன்றாக ஒட்டும். தனியே ஊறவைத்து வேகவைத்து ஒரு பிடி கலந்துகொண்டால் நிறமும் கிடைக்கும்.

நான்கு தடித்த சுருளுக்கு 2 கப் அரிசி. கழுவிய நீர் தெளியும்வரை நாலைந்து முறை களைந்து, அரை மணி நேரம் வடியவிட வேண்டும். ஜப்பானிய அரிசியானால் ஒரு கப்புக்கு ஒன்றேகால் கப்புக்குச் சற்றுக் குறைவான நீர். பச்சரிசிக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். குழைந்து பொங்கலாகும் முன், பருக்கை தெரியும் பதத்தில் இறக்க வேண்டும். 4 மேசைக்கரண்டி அரிசி வினிகரில் 2 மேசைக்கரண்டி சர்க்கரை, 1 தேக்கரண்டி உப்பு கரைய லேசாகச் சுடவைக்க வேண்டும். மளிகைக் கடை வெள்ளை வினிகர் காரமானது. 3 கரண்டி வினிகரோடு 1 கரண்டி நீர் சேர்த்தால் போதும். அகலத் தாம்பாளத்தில் சூடான சோற்றைக் கொட்டி, இந்தப் புளிப்பை ஊற்றி, மரக்கரண்டியால் வெட்டுவதுபோல் கிளற வேண்டும், பிசையக் கூடாது. ஒருவர் கிளற இன்னொருவர் விசிறினால் சோறு மினுமினுப்போடு ஆறும். ஈரத்துணி போட்டு மூடி வைக்கலாம்.

கடற்பாசித் தாள் ஏறக்குறைய 21க்கு 19 சென்டிமீட்டர் அளவில் வரும். பளபளப்பான பக்கம் கீழே இருக்கும்படி மூங்கில் பாயில் விரிக்க வேண்டும். பாய் இல்லாவிட்டால் சற்றுக் கெட்டியான சுத்தத் துணி போதும். வாட்டிய வாழையிலையும் வேலை செய்யும். வினிகர் கலந்த நீரில் கையை நனைத்து, சோற்றை அரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, எதிர்ப்பக்க ஓரத்தில் இரண்டு விரல் இடம் விட வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்: ஆசையில் சோற்றை அள்ளி வைப்பார்கள், சுருள் வாயைத் திறந்துகொள்ளும். நடுவில் மீன் உதிரி, வெள்ளரிக்காய், முட்டைப் பட்டை, சுரைக்காய் ஆகியவற்றை வரிசையாக வைத்து, விரலால் அவற்றைப் பிடித்தபடி பாயைத் தூக்கி ஒரே மூச்சில் உருட்ட வேண்டும். ஒரு நிமிடம் மடிப்பு கீழே இருக்கும்படி வைத்துவிட்டு, நனைத்த கூரிய கத்தியால் எட்டுத் துண்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும்.

தொட்டுக்கொள்ளும் பச்சை விழுது வசாபி என்று விற்கப்பட்டாலும், டப்பாவில் வருவது பெரும்பாலும் சாயம் போட்ட வேறொரு கிழங்கு. அதன் மூக்கைத் துளைக்கும் காரமும் கடுகின் காரமும் ஒரே வேதிப்பொருளிலிருந்து வருபவை. அரைத்த கடுகு விழுது வைத்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

செய்த சுருளை அன்றே, சில மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். சோற்றில் கொதிக்கும் நீரிலும் சாகாத பாக்டீரிய வித்துகள் இருப்பதுண்டு. புளிப்பு அவற்றை அடக்கி வைக்கிறது. ஆனால் வீட்டில் புளிப்பை அளந்து பார்க்கும் வசதி இல்லை. நம் வெயிலும் டோக்கியோ வெயில் அல்ல. ஃப்ரிட்ஜில் வைத்தால் சோறு விறைத்துவிடும். அளவாகச் செய்வதே வழி.

இந்த உணவில் வெளியூர்ப் பொருள் என்று மிஞ்சுவது அந்தக் கறுப்புத் தாள் ஒன்றுதான். அதற்கும் ஒரு கதை உண்டு. நோரி என்னும் அந்தப் பாசி கோடையில் எங்கே போய் ஒளிகிறது என்று ஜப்பானிய விவசாயிகளுக்கே தெரியாமல் இருந்தது. 1949இல் காத்லீன் ட்ரூ பேக்கர் என்ற ஆங்கிலேயப் பெண் விஞ்ஞானி, அது சிப்பி ஓடுகளுக்குள் இன்னொரு உருவில் வாழ்கிறது என்று கண்டுபிடித்தார். திருமணமானவர் என்பதால் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சம்பள வேலையை இழந்தவர் அவர். நோரிச் சாகுபடி அந்தக் கண்டுபிடிப்பில்தான் நிமிர்ந்தது. ஜப்பானுக்கு ஒருமுறைகூடப் போகாத அவருக்கு அங்கே நினைவுச்சின்னம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று மரியாதை செலுத்துகிறார்கள். தமிழகத்திலும் ராமநாதபுரம் கடற்கரைப் பெண்கள் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். அவர்கள் எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் தாளாக மாறுவதில்லை. அகர் அகர் தயாரிக்கப் போகின்றன.

தாள் கிடைக்காத ஊரில் முட்டை அடையில் சுருட்டலாம். ஜப்பானியர்களும் அப்படிச் செய்வதுண்டு. விட்டுக்கொடுக்க முடியாதவை இரண்டுதான்: சோறு புளிக்க வேண்டும், ஆற்று மீன் வேக வேண்டும். காவிரிக் கரையின் சமையல் மீனைக் குழம்பில் கொதிக்கவைத்தும் கல்லில் வறுத்தும்தான் பழகியிருக்கிறது. சுருட்டி உண்ணும் புது ஆசைக்காக அந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.