கணக்கு சர்வகலாசாலையில், சாவு காயலான்கடையில்!

டில்லி நகரின் மேற்கே மாயாபுரி என்று ஒரு வட்டாரம் இருக்கிறது. பழைய இரும்பை வாங்கி, உடைத்து, பிரித்து விற்கும் காயலான்கடைகள் நிறைந்த இடம். 2010-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அங்கே சிலருக்கு உடம்பு கெட்டது. தோல் கறுத்தது. முடி கொட்டியது. வாந்தி நிற்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஏப்ரல் 26-ம் தேதி அவர்களில் ஒரு தொழிலாளி உயிர் விட்டார்.

அவரைக் கொன்றது காலராவா? கள்ளச்சாராயமா? இல்லை. பிழைப்புக்காக உடைத்த இரும்புக்குள் இருந்த கோபால்ட்-60 என்ற கதிர்வீசும் பொருள் அவரைக் கொன்றது. கதிர் கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கு எட்டாது, தொட்டால் அப்போதே சுடாது. உள்ளே புகுந்து, ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையை அழிக்கும்.

அந்தக் கோபால்ட் மாயாபுரிக்கு எப்படி வந்தது? எந்தத் திருடனும் கொண்டு வரவில்லை. எந்தக் கடத்தல்காரனும் இறக்கவில்லை. டில்லி சர்வகலாசாலையின் ரசாயனத் துறை அதை ஏலம் போட்டு விற்றது!

ஆம், தோழர்களே! நாட்டின் பெரிய அறிவாலயங்களில் ஒன்று. ரசாயனத்தைக் கற்றுக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட துறை. கோபால்ட் என்றால் என்ன என்று பரீட்சையில் கேள்வி கேட்கிற இடம். அந்த இடம்தான் கோபால்ட் வைத்த யந்திரத்தைப் பழைய சாமான்களோடு சேர்த்துப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளியது.

இருபத்தைந்து வருஷத் தூக்கம்

நடந்தது இது. 2010-க்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் கனடா தேசத்திலிருந்து "காமா செல்" என்ற யந்திரம் அந்தத் துறைக்கு வந்தது. கனத்த ஈயக் கவசத்துக்குள் கோபால்ட் இருக்கும். அதன் கதிரைப் பாய்ச்சிப் பொருள்களைச் சோதிப்பார்கள். 1985-க்குப் பிறகு அதை யாரும் உபயோகிக்கவில்லை. யந்திரம் மூலையில் கிடந்தது. 2010 பிப்ரவரியில் இடத்தைச் சுத்தம் செய்யப் புறப்பட்டார்கள். ஏலம் நடந்தது. யந்திரம் லாரி ஏறியது.

கடையில் தொழிலாளிகள் தங்களுக்குத் தெரிந்த வேலையைச் செய்தார்கள். ஈயத்துக்குத் தனி விலை, இரும்புக்குத் தனி விலை. ஆகவே கவசத்தைப் பிரித்தார்கள். கவசம் போனதும் கதிர் வெளியே வந்தது.

கோபால்ட்-60-இன் வீரியம் ஐந்தேகால் வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகும். 1985-ல் இருந்த வீரியத்தில் ஏறத்தாழ 27-ல் ஒரு பங்குதான் 2010-ல் மிஞ்சியிருந்தது. அந்த மிச்சமே ஒரு உயிரைக் குடித்தது, இன்னும் ஏழு பேரை ஆஸ்பத்திரியில் கிடத்தியது. இந்தக் கணக்கைப் போட ஒரு பி.எஸ்ஸி. மாணவன் போதும். அத்தனை பட்டதாரிகள் இருந்த கட்டிடத்தில் இந்தக் கணக்கைப் போட ஒருவரும் இல்லாமற்போனது ஏன்?

சட்டம் இல்லையா என்றால், இருந்தது. கதிர்வீசும் கழிவை எப்படி அப்புறப்படுத்துவது என்று 1987-லேயே மத்திய சர்க்கார் விதிகள் எழுதியது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தெரியாமல், அதன் அனுமதி இல்லாமல், இப்படிப்பட்ட பொருளைக் கைமாற்றக் கூடாது.

உலகத்துக்கு முன்னுதாரணமும் இருந்தது. அதே 1987-ம் ஆண்டில் பிரேசில் நாட்டின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட ஒரு வைத்தியசாலையில் கிடந்த கதிர்வீச்சு யந்திரத்தைப் பழைய இரும்பு பொறுக்கியவர்கள் உடைத்தார்கள். நாலு பேர் மாண்டார்கள். உலகத்தின் பத்திரிகைகளில் எல்லாம் வந்த செய்தி அது. டில்லியில் மட்டும் படிக்கவில்லையா?

மாயாபுரி நிகழ்ச்சிக்குப் பிறகு விஞ்ஞானிகள் வந்தார்கள். கோபால்ட் துண்டுகளைத் தேடிப் பொறுக்கி நரோரா அணுமின் நிலையத்துக்குக் கொண்டு சென்றார்கள். வாரியம் சர்வகலாசாலைக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் விட்டது. கதிர்வீசும் பொருள்களை உபயோகிக்கக் கூடாது என்று தடை போட்டது. துணைவேந்தர் "தார்மிகப் பொறுப்பு" ஏற்றுக்கொண்டார்.

தார்மிகப் பொறுப்பு! நல்ல வார்த்தை. மேடையில் சொன்னால் கேட்க இனிக்கும். ஆனால் தார்மிகப் பொறுப்பை அரைத்துப் பூசினால் வெந்த தோல் ஆறுமா? உலையில் போட்டால் சோறாகுமா?

"படிக்காதவனுக்குச் சொன்னால் புரியுமா?"

இப்படிச் சில பெரிய மனிதர்கள் கேட்கிறார்கள். காயலான்கடைத் தொழிலாளி படிக்காதவன். அவனிடம் கதிர்வீச்சைப் பற்றிச் சொல்லி என்ன பயன் என்கிறார்கள்.

நாம் பதில் சொல்கிறோம். வயலில் பூச்சிமருந்து அடிக்கும் விவசாயத் தொழிலாளியைக் கேளுங்கள். மருந்து டப்பாவில் சாய்சதுரமாக ஒரு குறி இருக்கும். அதில் சிவப்பு என்றால் கொடிய விஷம். அடுத்து மஞ்சள், அதற்கடுத்து நீலம், கடைசியில் பச்சை. எழுத்துத் தெரியாத கிழவரும் சிவப்பைக் கண்டால் எட்ட வைப்பார். டப்பாவோடு வரும் துண்டுத்தாளை வட்டாரப் பாஷையிலும் அச்சடிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது.

அந்த விதி சும்மா வரவில்லை. 1958-ல் கேரளத்துக்குக் கப்பலில் வந்த உணவுப்பொருளோடு "பாலிடால்" என்ற பூச்சிமருந்து கலந்துவிட்டது. அதை உண்ட ஏழை ஜனங்கள் நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அந்தச் சாவுகளின் மேல்தான் 1968-ம் வருஷத்துப் பூச்சிமருந்துச் சட்டம் எழுந்தது. டப்பாவின் மேல் உள்ள ஒவ்வொரு நிறத்துக்கும் நம்மவர்கள் உயிரால் விலை கொடுத்திருக்கிறார்கள்.

கதிர்வீச்சுக்கும் அப்படித்தான். மஞ்சள் நிறத்தில் மூன்று இதழ் போட்ட பழைய குறி படித்தவனுக்கே விசிறி போலத் தோன்றும். பாமரனுக்குப் புரியவில்லை என்று கண்டு, 2007-ல் சர்வதேச அணுசக்தி நிறுவனம் புதுக் குறி ஒன்றை வெளியிட்டது. சிவப்பு நிறம், கதிர் அலைகள், மண்டை ஓடு, ஓடும் மனிதன். பதினோரு நாடுகளில் ஜனங்களிடம் காட்டிப் பார்த்து அதை முடிவு செய்தார்கள். "தொடாதே, ஓடு!" என்பதைச் சொல்ல எழுத்துகூட வேண்டாம் என்று உலகம் கண்டுபிடித்து மூன்று வருஷம் கழித்துத்தான் டில்லியில் ஏலம் நடந்தது.

ஆகவே புரியுமா புரியாதா என்பது கேள்வியே அல்ல. சொன்னார்களா என்பதுதான் கேள்வி. சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்ற நினைப்பே அவர்களுக்கு வரவில்லை.

"ஏழை நாட்டுக் கோளாறு" என்போருக்கு

இதெல்லாம் ஏழை நாட்டில் நடப்பது, பணக்கார நாடுகளில் நடக்காது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். அமெரிக்காவைப் பார்ப்போம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள கலிபோர்னியா சர்வகலாசாலை பணத்துக்கும் புகழுக்கும் குறைவில்லாதது. 2008 டிசம்பர் 29-ம் தேதி அதன் ஆய்வுக்கூடத்தில் 23 வயதுப் பெண் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும் ஒரு ரசாயனத்தை சிரிஞ்சில் எடுத்தார். சிரிஞ்சின் தண்டு கழன்றது. தீ பிடித்தது. அவர் மீது தீயைத் தாங்கும் மேலங்கி இல்லை. பதினெட்டு நாள் துடித்து, 2009 ஜனவரி 16-ல் இறந்தார்.

அந்தக் கூடத்தில் வேலை செய்பவர்கள் மேலங்கி போடுவதில்லை என்று அதற்கு இரண்டு மாதம் முன்பே, அக்டோபரில், சர்வகலாசாலையின் சொந்தப் பரிசோதனையே எழுதி வைத்திருந்தது! கணக்கு காகிதத்தில் இருந்தது. காகிதம் கோப்பில் இருந்தது. பெண் நெருப்பில் வெந்தாள்.

கலிபோர்னியாவின் தொழில் பாதுகாப்பு இலாகா 31,875 டாலர் அபராதம் விதித்தது. 2011 டிசம்பரில் கிரிமினல் வழக்கே தொடுக்கப்பட்டது. சர்வகலாசாலை தன் ரசாயனக் கூடங்களில் எல்லாம் பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்வதாக 2012 ஜூலையில் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகுதான் அதன் மீதிருந்த வழக்கு வாபஸ் ஆயிற்று.

இதில் தொழிலாளிகள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தப் பெண் சம்பளம் வாங்கும் ஊழியர். ஆகவேதான் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் சர்வகலாசாலையின் கதவைத் தட்ட முடிந்தது. அதே மேஜையில், அதே சிரிஞ்சோடு, சம்பளமில்லாத ஒரு மாணவி நின்றிருந்தால் அந்தச் சட்டம் வாசலிலேயே நின்றிருக்கும். தீ மட்டும் மாணவி, ஊழியர் என்று வித்தியாசம் பார்க்காது.

நம் நாட்டிலும் இதே ஓட்டைதான். 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு ஆயிரக்கணக்கான ஜனங்களைக் கொன்றது. அதன் பிறகு 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆபத்தான பொருள் இருந்தால் அதைப் பற்றித் தொழிலாளிக்கும் சுற்றுப்புற ஜனங்களுக்கும் நிர்வாகம் அறிவித்தாக வேண்டும் என்று எழுதினார்கள். நல்லது. ஆனால் அது தொழிற்சாலைக்கு எழுதிய சட்டம். சர்வகலாசாலையின் ரசாயன அறையை யாரும் தொழிற்சாலை என்று எண்ணவில்லை. மில்லில் ஒரு பீப்பாய் அமிலம் இருந்தால் இன்ஸ்பெக்டர் கேட்பார். கல்லூரி அலமாரியில் ஐந்நூறு புட்டிகள் இருந்தால் யார் கேட்பது?

அலமாரியைத் திறந்து பாருங்கள்

ரசாயன அலமாரி சாதுவாகத்தான் தோன்றும். ஈதர் என்ற திரவத்தைத் திறந்து வைத்து வருஷக்கணக்கில் மறந்துவிட்டால், அதற்குள் வெடிக்கும் பொருள் தானாக உண்டாகும். பிக்ரிக் அமிலம் ஈரமாக இருக்கும் வரை அடங்கிக் கிடக்கும், காய்ந்தால் வெடிமருந்து. சோடியம் உலோகத்தில் தண்ணீர் பட்டால் தீ. நைட்ரிக் அமிலத்தின் மிச்சத்தையும் ஸ்பிரிட்டின் மிச்சத்தையும் ஒரே கழிவுப் பீப்பாயில் ஊற்றி மூடினால், பீப்பாய் வெடிக்கும்.

இதெல்லாம் பேராசிரியருக்குத் தெரியும். புட்டியோடு கம்பெனி அனுப்பும் பாதுகாப்புத் தாளில் பதினாறு தலைப்புகளில் எழுதியிருக்கும்: என்ன பொருள், என்ன ஆபத்து, உடம்பில் பட்டால் என்ன செய்வது, தீப்பிடித்தால் எதால் அணைப்பது, எப்படி அப்புறப்படுத்துவது. எழுதியிருப்பது இங்கிலீஷில். தாள் இருப்பது பீரோவில், இல்லாவிட்டால் கம்ப்யூட்டரில். சாவி அதிகாரியிடம்.

புட்டியைக் கழுவுகிறவர் யார்? லேப் அட்டெண்டர். சிந்தியதைத் துடைக்கிறவர் யார்? காண்ட்ராக்ட் துப்புரவுத் தொழிலாளி. கழிவைச் சுமக்கிறவர் யார்? நேற்று வந்து நாளை போகிற தினக்கூலி. பொருளைத் தொடுகிற கைக்கு அதன் பெயர்கூடத் தெரியாது. பெயர் தெரிந்தவர் பொருளைத் தொடுவதில்லை. மாயாபுரியில் நடந்ததற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

பணம் இல்லை என்று நிர்வாகம் சொல்லும். ஒரு இருப்புப் புத்தகத்துக்கு என்ன விலை? புட்டியில் தமிழில் ஒரு சீட்டு ஒட்ட எத்தனை லட்சம் வேண்டும்? புதுக் கட்டிடம் திறக்க, கல்வெட்டு வைக்க, பட்டமளிப்புக்குப் பந்தல் போடப் பணம் இருக்கிறது. ரப்பர் கையுறை என்றால் கஜானா காலியா?

நாம் கேட்பது

ஒன்று: ஒவ்வொரு கல்லூரி, சர்வகலாசாலை ஆய்வுக்கூடத்திலும் என்ன பொருள், எவ்வளவு, எந்த வருஷம் வாங்கியது, யார் பொறுப்பு என்று இருப்புக் கணக்கு எழுத வேண்டும். பொறுப்பாளர் ஓய்வு பெற்றால் கணக்கும் பொருளும் அடுத்தவர் கையில் கையெழுத்தோடு மாற வேண்டும். உரிமையாளர் இல்லாத புட்டியோ யந்திரமோ இருக்கக் கூடாது.

இரண்டு: அபாயக் குறியும் முதலுதவி முறையும், அங்கே வேலை செய்பவர்களின் பாஷையில், சுவரிலும் புட்டியிலும் இருக்க வேண்டும். நம் ஊர்க் கூடங்களில் அது தமிழில் இருக்க வேண்டும்.

மூன்று: அட்டெண்டருக்கும், துப்புரவுத் தொழிலாளிக்கும், காண்ட்ராக்ட் கூலிக்கும், மாணவருக்கும் ஒரே பயிற்சி, ஒரே கையுறை, ஒரே கண்ணாடி. பாதுகாப்புக் கமிட்டியில் கடைநிலை ஊழியரின் பிரதிநிதிக்கு இடம் வேண்டும்.

நான்கு: ஆய்வுக்கூடச் சாமான் எதுவும், அபாயம் இல்லை என்று பொறுப்பானவர் சோதித்துக் கையெழுத்துப் போடாமல், ஏலத்துக்குப் போகக் கூடாது.

ஐந்து: பொருள் இன்னதென்று சொல்லாவிட்டால் அதைத் தொட மாட்டேன் என்று சொல்லும் உரிமை தொழிலாளிக்கு வேண்டும். அப்படிச் சொன்னதற்காக அவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

இவை பெரிய கோரிக்கைகள் அல்ல. ஆனாலும் கேட்காமல் கிடைக்காது. நம் பிள்ளைகள் இன்று கல்லூரி ஆய்வுக்கூடங்களில் நிற்கிறார்கள். நம் சகோதரிகள் அங்கே தரை துடைக்கிறார்கள். அங்கே தேவையற்றதாகி வெளியே வருகிற ஒவ்வொரு சாமானும் கடைசியில் நம்மில் ஒருவர் கையில்தான் வந்து விழுகிறது.

அறிவாலயம் என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் அறிவை வாசலுக்கு வெளியேயும் அனுப்பட்டும். நஞ்சையும் கதிரையும் வெளியே அனுப்பி, அதன் பெயரை மட்டும் உள்ளே பூட்டி வைக்கும் வழக்கம் ஒழியட்டும். எதைத் தொடுகிறோம் என்று தெரிந்துகொள்வது தொழிலாளி கேட்கும் சலுகை அல்ல, கூலியைப் போல அவருக்குச் சேர வேண்டிய பாக்கி. அந்தப் பாக்கியை வசூலித்தே தீருவோம்!