இருவர் மறுத்தால்

மைக்கேல் அல்மெரெய்டாவின் 'எக்ஸ்பெரிமென்டர்' (2015) அவசியம் பார்க்க வேண்டிய படம். 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனைகளே கதை. மில்கிராமாக பீட்டர் சார்ஸ்கார்ட். அடுத்த அறையில் 'ஷாக்' வாங்குபவர் சுவரைத் தட்டுகிறார். ஷாக் கொடுப்பவரிடம் மேலங்கி அணிந்த ஆய்வாளர், 'தொடருங்கள்' என்கிறார். அப்படி ஷாக் கொடுக்கச் சொல்லப்பட்ட 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். எல்லாம் நடிப்பு என்பது அவர்களுக்குத் தெரியாது. பலரும் வியர்த்தார்கள், நடுங்கினார்கள், ஆனாலும் சுவிட்சைத் தட்டினார்கள். இதைக் காட்டி, மனித குணமே இவ்வளவுதான் என்பவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. அதே சோதனையின் இன்னொரு வடிவத்தில், பக்கத்தில் இருந்த இருவர் மறுத்து விலகியதும், கடைசிவரை போனவர்கள் 40க்கு 4 பேர்தான். காவலர் பயிற்சிப் பள்ளிகளில் முதல் நாளே சொல்லித்தர வேண்டிய கணக்கு இது.