பெயர் யாருடைய பெயரில்? டாட் ஆர்க் விற்பனையும் இயக்கங்களின் இணைய முகவரிகளும்

2019 நவம்பர் 13 அன்று, இன்டர்நெட் சொசைட்டி என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. தன் பொறுப்பில் இருந்த பப்ளிக் இன்டரஸ்ட் ரெஜிஸ்ட்ரி என்னும் நிறுவனத்தை எத்தோஸ் கேப்பிட்டல் என்ற தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்போவதாக அது தெரிவித்தது. பின்னர் வெளிப்படுத்தப்பட்ட விலை 113.5 கோடி டாலர். வாங்க முன்வந்த நிறுவனம் அதே ஆண்டில்தான் தொடங்கப்பட்டிருந்தது. கைமாறவிருந்தது ‘டாட் ஆர்க்’ என்று முடியும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட இணைய முகவரிகளின் பதிவேட்டை நடத்தும் உரிமை. உலகெங்கும் உள்ள மனித உரிமை அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் அறக்கட்டளைகளும் அந்த முகவரியில்தான் இயங்குகின்றன. நம் நாட்டின் தலித் உரிமை அமைப்புகள் பலவும் அங்கேதான் இருக்கின்றன. அவற்றுள் எந்த ஒன்றிடமும் இந்த விற்பனை குறித்து ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை.

அந்த விற்பனை இறுதியில் நடக்கவில்லை. அது எவ்வாறு தடுக்கப்பட்டது என்பதையும், எது தடுக்கப்படாமல் இன்றும் தொடர்கிறது என்பதையும் சட்டத்தின் பக்கம் நின்று பார்க்க வேண்டிய தேவை நமக்கு இருக்கிறது. இயக்கங்களின் எழுத்தும் அறிக்கைகளும் வழக்காவணங்களும் இன்று பெரும்பாலும் இணையதளங்களில் மட்டுமே இருக்கின்றன. அந்தத் தளங்களோ ஒரு பெயரில் தொங்கிக் கொண்டிருக்கின்றன.

டொமைன் எனப்படும் இணையப் பெயரை ‘வாங்கினோம்’ என்று எல்லோரும் சொல்கிறோம். சட்டப்படி அது ஓர் ஒப்பந்த உரிமை. உச்சியில் இருப்பது ஐகேன் என்னும் அமைப்பு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற இலாப நோக்கற்ற கழகம் அது. அதனோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டாட் காம், டாட் ஆர்க் போன்ற ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு பதிவேட்டு நிறுவனம் இருக்கிறது. அதன்கீழ் நமக்குப் பெயரை விற்கும் பதிவு முகவர் நிறுவனங்கள். கடைசிப் படியில் நாம். ஓராண்டு முதல் அதிகபட்சம் பத்தாண்டு வரை பணம் கட்டி ஒரு பெயரைப் பயன்படுத்தலாம். காலம் முடிந்தால் மீண்டும் கட்ட வேண்டும். நம் ஊர் மொழியில் சொன்னால், இது கிரயம் அன்று, குத்தகை. (டாட் ஆர்க் டாட் இன், டாட் இன் என முடிபவை வேறு கணக்கு. அவற்றின் பதிவேடு நிக்சி என்னும் இந்திய அமைப்பின் பொறுப்பில் உள்ளது. இரண்டையும் ஒன்றெனக் கருதிக் குழம்புவோர் நிறையப் பேர்.)

குத்தகை என்றால் குத்தகைத் தொகையை யார் தீர்மானிக்கிறார் என்ற கேள்வி வரும். டாட் ஆர்க் பெயர்களின் மொத்த விலையை ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தக் கூடாது என்றொரு உச்சவரம்பு ஒப்பந்தத்தில் இருந்தது. அதை நீக்கும் வரைவை ஐகேன் 2019இல் பொதுக் கருத்துக்கு வைத்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கருத்துரைகள் வந்தன. ஏறக்குறைய அனைத்துமே எதிர்ப்பு. இருந்தும் 2019 ஜூன் 30 அன்று உச்சவரம்பு இல்லாத புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐந்து மாதம்கூட ஆகவில்லை, பதிவேடே விற்பனைக்கு வந்துவிட்டது. ஐகேனின் முன்னாள் தலைமைச் செயல் அதிகாரி பாடி ஷெஹாடே வாங்கும் தரப்புக்கு ஆலோசகராக இருந்ததும் வெளிவந்தது. இவற்றுக்கிடையே சதி இருந்தது என்று சொல்ல நம்மிடம் ஆதாரம் இல்லை. ஆனால் நிகழ்வுகளின் வரிசையைப் பார்க்கும் எந்த வழக்கறிஞரும் குறுக்கு விசாரணைக்கு ஆசைப்படுவார்.

டாட் ஆர்க் பதிவேடு இன்டர்நெட் சொசைட்டிக்குக் கிடைத்த விதத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். அது வெரிசைன் என்னும் வணிக நிறுவனத்திடம் இருந்தது. 2002இல் ஐகேன் அதை வேறொருவரிடம் ஒப்படைக்க விண்ணப்பம் கோரியது. பதினொரு விண்ணப்பங்கள் வந்தன. இலாப நோக்கற்ற சமூகத்துக்காகவே இதை நடத்துவோம் என்ற வாக்குறுதியின் பேரில் இன்டர்நெட் சொசைட்டி தேர்வானது. அதற்கென உருவாக்கப்பட்டதுதான் பப்ளிக் இன்டரஸ்ட் ரெஜிஸ்ட்ரி. வெரிசைன் விலகும்போது 50 இலட்சம் டாலர் நிதியும் கொடுத்துச் சென்றது. அதாவது பொதுநோக்கத்தின் பெயரால் கைக்கு வந்த ஒன்றைப் பதினேழு ஆண்டு கழித்துச் சந்தை விலைக்கு விற்க முனைந்தார்கள். அவர்களுடைய நியாயமும் ஒன்று இருந்தது: கிடைக்கும் தொகையை நிரந்தர வைப்பாக்கி, இணையம் எட்டாத மக்களுக்கு அதைக் கொண்டு சேர்க்கும் பணிக்குச் செலவிடலாம் என்றார்கள். நல்ல பணிதான். ஆனால் அந்தத் தொகையை முதலீட்டு நிறுவனம் யாரிடமிருந்து திரும்ப எடுக்கும்? பெயர்களைக் குத்தகைக்கு வைத்திருக்கும் அமைப்புகளிடமிருந்துதான்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டு வாசகர்களுக்குப் பஞ்சமி நிலம் நினைவுக்கு வராமல் இருக்காது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்க ஆணையிடப்பட்டது. குறிப்பிட்ட காலம் வரை விற்கக் கூடாது, அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் அல்லாதோருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை அந்த ஒப்படையிலேயே எழுதப்பட்டது. நிலம் பறிபோனது வேறு கதை. எனினும் நிபந்தனை எழுத்தில் இருப்பதால், அதை மீறிய விற்பனையை இன்றும் நீதிமன்றத்தில் எதிர்க்க முடிகிறது; அப்படி எதிர்த்து வென்ற வழக்குகளும் உள்ளன. இணையப் பதிவேட்டையும் நிலத்தையும் ஒன்றெனச் சொல்லவில்லை. நிலம் சோறு போடுவது. அதை இழந்தவரின் இழப்பு வேறு. நாம் சுட்டுவது சட்ட வடிவத்தை மட்டுமே. டாட் ஆர்க் பொதுநோக்கத்துக்காகக் கொடுக்கப்பட்டது உண்மை. ஆனால் ‘இலாப நிறுவனத்துக்கு விற்கக் கூடாது’ என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இல்லை.

அப்படியானால் எது காப்பாற்றியது? பதிவேட்டின் கட்டுப்பாடு கைமாற ஐகேனின் ஒப்புதல் வேண்டும் என்ற ஒற்றைப் பிரிவு. அந்தப் பிரிவைப் பற்றிக்கொண்டுதான் அறக்கட்டளைகளும் உரிமை அமைப்புகளும் போராடின. எலக்ட்ரானிக் பிராண்டியர் பவுண்டேசன் போன்ற அமைப்புகள் கையெழுத்து இயக்கம் நடத்தின. 2020 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஐகேன் அலுவலகத்தின் முன் ஆர்ப்பாட்டம் நடந்தது. எலிசபெத் வாரன் உள்ளிட்ட அமெரிக்க மக்கள் பிரதிநிதிகள் விளக்கம் கேட்டு எழுதினர். நெருக்கடி முற்றியபோது எத்தோஸ் தரப்பு இறங்கிவந்தது: எட்டாண்டுகளுக்குச் சராசரியாகப் பத்து விழுக்காட்டுக்கு மேல் விலை உயர்த்த மாட்டோம், கண்காணிப்பு மன்றம் ஒன்றை அமைப்போம் என்றது. ஆண்டுக்குப் பத்து விழுக்காடு என்றால் எட்டாண்டில் விலை இரு மடங்குக்கு மேல் போய்விடும் என்பதைக் கூட்டு வட்டி கட்டிப் பழகிய நம் மக்களுக்கு விளக்கத் தேவையில்லை.

முடிவைத் திருப்பியது கலிபோர்னியா மாநிலத் தலைமை வழக்கறிஞர் சேவியர் பெசேராவின் கடிதம். ஐகேன் அந்த மாநிலச் சட்டத்தின்கீழ் இயங்கும் பொதுநல அமைப்பு என்பதால், அது தன் நோக்கத்திலிருந்து விலகுகிறதா என்று கேட்கும் அதிகாரம் அவருக்கு இருந்தது. 2020 ஏப்ரல் 15 தேதியிட்ட கடிதத்தில் விற்பனைக்கு ஒப்புதல் தரக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டார். ஏப்ரல் 30 அன்று ஐகேன் நிராகரித்தது. அது கூறிய காரணங்களுள் ஒன்று, வாங்கும் செலவுக்காக 36 கோடி டாலர் கடன் அந்தப் பதிவேட்டின் தலைமீதே ஏற்றப்படவிருந்தது என்பது. தன்னை விலைக்கு வாங்கப் பெற்ற கடனைத் தானே உழைத்து அடைக்க வேண்டிய நிலை. இந்த ஏற்பாட்டுக்கு நம் வரலாற்றில் என்ன பெயர் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

விற்பனை நின்றது. ஆனால் நிராகரித்த அந்தத் தீர்மானம், நீக்கப்பட்ட விலை உச்சவரம்பைத் திரும்பக் கொண்டுவரவில்லை. 

பெரிய விற்பனையைத் தடுக்க உலகம் திரண்டது. சிறிய விற்பனைகள் அன்றாடம் நடக்கின்றன. அங்கே திரள ஆளில்லை. இணையப் பெயர்களுக்கு ஓர் இரண்டாம் சந்தை இருக்கிறது. பெயர்களை மொத்தமாகப் பதிந்து வைத்து விலை ஏறும்வரை காத்திருப்போர், வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையே நின்று விலையில் பங்கு பெறும் தரகர்கள், ஏலத் தளங்கள் எனப் பெரும் வணிகம் அது. 2019இல் ‘வாய்ஸ் டாட் காம்’ என்ற பெயர் 3 கோடி டாலருக்குக் கைமாறியது. குரல் என்னும் சொல்லுக்கு அந்த விலை.

நம்மைத் தொடுவது இச்சந்தையின் கீழ்த்தட்டு. டாட் காம், டாட் ஆர்க் போன்றவற்றில் ஒரு பெயரின் காலம் முடிந்தபின், முகவர் நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை சலுகைக் காலம் உண்டு. பின்னர் 30 நாள், கூடுதல் கட்டணம் செலுத்தி மீட்கலாம். அதன்பின் ஐந்து நாள் எவரும் தொட முடியாது. அப்புறம் பெயர் சந்தைக்கு வருகிறது. அந்த நொடிக்காகவே கணினி நிரல்களை ஓடவிட்டுக் காத்திருக்கும் நிறுவனங்கள் உள்ளன. பல முகவர்கள் அதுவரைகூடப் பொறுப்பதில்லை, சலுகைக் காலத்திலேயே ஏலத்தில் வைத்துவிடுகின்றனர். ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது ஐகேன் விதி. அனுப்பத்தான் செய்கிறார்கள். அது எந்த மின்னஞ்சலுக்குப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எங்களைப் போன்ற வழக்கறிஞர்களிடம் அமைப்புகள் கொண்டுவரும் கதை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது. தளத்தைத் தொடங்கிய இளைஞர் தன் கல்லூரி மின்னஞ்சலில் பெயரைப் பதிந்திருப்பார். படிப்பு முடிந்து வேலைக்குப் போனதும் அந்த மின்னஞ்சல் மூடப்பட்டிருக்கும். ஒருநாள் தளம் திறக்காது. சில வாரங்கள் கழித்து அதே முகவரியில் சூதாட்ட விளம்பரம் ஓடும். பழைய தளத்துக்கு நாளேடுகளிலும் ஆய்வேடுகளிலும் இருக்கும் இணைப்புகள் தேடுபொறியில் மதிப்புள்ளவை. அந்த மதிப்புக்காகத்தான் பெயரை வாங்குகிறார்கள். வன்கொடுமை வழக்கொன்றின் உண்மையறியும் குழு அறிக்கையைத் தேடிச் செல்லும் மாணவி சீட்டாட்டப் பக்கத்தில் போய் நிற்கிறாள்.

சட்டத்தில் வழி உண்டா? இணையப் பெயருக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. சத்யம் இன்போவே எதிர் சிபிநெட் சொல்யூசன்ஸ் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம், இணையப் பெயருக்கு வணிகக் குறியின் தன்மைகள் உண்டு, ஒருவர் பெயரைத் தன்னுடையதெனக் காட்டி ஏமாற்றுவதைத் தடுக்கும் பொதுச்சட்டக் கோட்பாடு இதற்கும் பொருந்தும் என்று தீர்த்தது. வெளிநாட்டு வழியாக ஐகேன் 1999இல் ஏற்ற பொதுத் தகராறு தீர்வு முறை உண்டு. உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் ஒரு பெயருக்கு வழக்கிட, ஒற்றை நடுவருக்கான கட்டணம் 1,500 டாலர். இரண்டு வழியிலும் நாம் நிறுவ வேண்டியது, அந்தப் பெயரை வணிகக் குறிபோல் நாம் நெடுநாள் பயன்படுத்தினோம் என்பது. வாசகர் வட்டமும் கிராம உரிமைக் குழுவும் தம்மை ஒரு கடையாகக் காட்டிக்கொண்டால்தான் கதவு திறக்கும். டாட் இன் பெயர்களுக்கான நிக்சியின் விதி மட்டும் வணிகக் குறியோடு ‘பெயர்’ என்ற சொல்லையும் சேர்த்திருக்கிறது. பதிவு பெறாத ஒரு சங்கம் தன் பெயருக்கு உரிமை கோர அது சிறு இடம் தருகிறது என்பது நம் கருத்து.

வென்றாலும் கிடைப்பது பெயர் மட்டுமே. தளத்தில் இருந்தவை திரும்புவதில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய ‘பறையன்’ இதழை இன்று படித்தறிய வழியின்றித் தவிக்கிறோம். அயோத்திதாசரின் ‘தமிழன்’ நமக்கு மிஞ்சியது, சில குடும்பங்களும் நூலகங்களும் அச்சுப் பிரதிகளைக் காத்து வைத்ததால், அதிலிருந்துதான் ஞான. அலாய்சியஸ் 1999இல் தொகுதிகளைக் கொண்டுவர முடிந்தது. இதழ் நின்று பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் ஒரு பரணில் தாள் இருந்தது. இணையதளத்துக்கு அப்படியொரு பரண் தானாக அமையாது. இன்டர்நெட் ஆர்க்கைவ் பல தளங்களின் பிரதிகளை எடுத்து வைக்கிறது. எல்லாப் பக்கங்களையும் அன்று.

ஆகவே, அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதற்கு அரைமணி நேரம் ஒதுக்கலாம். பெயரின் பதிவாளர் என்ற இடத்தில் தனிநபர் இருக்கிறாரா, அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தொடர்பு மின்னஞ்சல் அதே டொமைனின்கீழ் இருந்தால் மாற்றுங்கள். பெயர் போகும் நாளில் அந்த அஞ்சலும் போகும். ஐந்தாண்டுக்கோ பத்தாண்டுக்கோ சேர்த்துக் கட்டுங்கள். ரசீதைக் கணக்குப் பேரேட்டில் ஒட்டி வையுங்கள். பெயரை நீங்கள் எந்த ஆண்டு முதல் பயன்படுத்துகிறீர்கள் என்பதற்கு நாளை நீதிமன்றத்தில் முதல் சான்றாவணம் அதுதான்.