மண் சுமந்த கைகளின் கோட்டை

சுதந்திர நாள் நெருங்கினால் விருதுநகர், சிவகாசி வட்டாரப் பள்ளிகளில் அட்டையாலான செங்கோட்டைகள் எழுந்துவிடுகின்றன. நாட்டுப்பற்றுக்கு ஓர் உருவம் தேவைப்படுகிறது. நினைவுச்சின்னங்களின் மாதிரிகள் அதைத் தருகின்றன. இதில் தவறேதும் இல்லை. ஆனால், ஒரு மாதிரி எதை நினைவூட்டுகிறது, எதை மறைக்கிறது என்று கேட்டாக வேண்டும்.

விடை தேடித் தில்லிவரை செல்ல வேண்டியதில்லை. நமது கரிசல் நிலம் தென்கிழக்கே நீளும் ஒட்டப்பிடாரம் வட்டத்தில் பாஞ்சாலங்குறிச்சி இருக்கிறது. அங்கே கல்விச் சுற்றுலா செல்லும் மாணவர்கள் கண்டு வியக்கும் கட்டபொம்மன் கோட்டை, தமிழக அரசு 1974-இல் எழுப்பிய நினைவுக் கோட்டை. பழைய கோட்டையின் எச்சங்கள் அருகிலேயே தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன.

1799 செப்டம்பரில் பானர்மேனின் படை தாக்கியது மண்கோட்டையைத்தான். அக்டோபர் 16-இல் கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார், கோட்டை இடிக்கப்பட்டது. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, மக்களைத் திரட்டிச் சில நாள்களிலேயே அதை மீண்டும் எழுப்பினார். தரைமட்டமாக்கிய இடத்தில் மதில்கள் நின்றதைக் கண்டு ஆங்கிலேயர் திகைத்ததை, அப்போரில் பங்கேற்ற ஜேம்ஸ் வெல்ஷ் பதிவுசெய்திருக்கிறார். மார்ச் இறுதியில் அவர்களது தாக்குதல் தோற்றது. கூடுதல் படை வந்த பிறகே, மே 24-இல் கோட்டை வீழ்ந்தது.

ஆக, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையின் முதல் மறுபடைப்பு 1801-இல் நிகழ்ந்தது. அதைச் செய்தவர்கள் பெயர் தெரியாத உழைப்பாளிகள். இன்றைய கோட்டையின் கம்பீரத்தில் மண் சுமந்த அந்தக் கைகள் மறைந்துவிடக் கூடாது.

இரண்டாம் உலகப் போரில் அழிந்த வார்சா பழைய நகரம் மீண்டும் கட்டப்பட்டது. 1980-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபோது, அது மறுகட்டுமானம் என்பது மறைக்கப்படவில்லை. மீட்டெடுத்த உழைப்பே அதன் பெருமையானது. விருதுநகரில் காமராஜர் வாழ்ந்த எளிய வீடு நினைவில்லமாக நிற்கிறது. எந்த அலங்காரமும் இன்றி அது தன் செய்தியைச் சொல்லிவிடுகிறது.

புதிய மணிமண்டபங்களுக்கு ஒதுக்கும் தொகையில் மிகச் சிறு பங்கு போதும்: எது அசல், எது மாதிரி என்று விளக்கும் பலகைகள், எச்சங்களுக்குச் செல்லும் பாதை, பயிற்சி பெற்ற வழிகாட்டிகள். பொருளியல் நோக்கிலும் இதுவே சிக்கனமான முதலீடு.

இங்கிருந்து செல்லும் மாணவர்களில் பலர் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். தம் பெற்றோரைப் போன்றவர்களும் வரலாற்றைக் கட்டியெழுப்பினார்கள் என்பதை அவர்கள் அறிந்து திரும்பட்டும். அந்த அறிதலைவிட உறுதியான நாட்டுப்பற்று வேறில்லை.