கொல்லிமலை: வண்டிகளை எண்ணினால் மட்டும் போதுமா?

கோடை விடுமுறை தொடங்கியதும் மலைப்பாதைகள் நெரிசலில் திணறுவது தமிழகத்தில் வழக்கமாகிவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. 2025 கோடையில் உச்சவரம்பும் வந்தது. நாளொன்றுக்கு நீலகிரியில் வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலில் முறையே 4,000, 6,000 வாகனங்கள் என்று வரையறுக்கப்பட்டது. அம்மலைகளின் தாங்குதிறனை ஆராயும் பணி சென்னை ஐஐடி, பெங்களூரு ஐஐஎம் ஆகிய நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

இவை தேவையான நடவடிக்கைகள்தாம். ஆனால், உதகையில் இடமில்லை என்பதற்காகப் பயணிகள் வீட்டிலேயே இருந்துவிடுவதில்லை. வேறு மலையைத் தேடுகிறார்கள். அப்படித் தேடப்படும் மலைகளுள் ஒன்றான கொல்லிமலைக்கு அண்மையில் சென்றுவந்தேன். அங்கு கண்டவை, வண்டிகளை எண்ணத் தொடங்கும் முன்பே கேட்க வேண்டிய சில கேள்விகளை என்னுள் எழுப்பின.

நாமக்கல் மாவட்டத்தின் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் மலை உச்சி. 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் மிளகுக் கொடிகளும் காபித் தோட்டங்களும் பலா மரங்களும் வரவேற்கின்றன. அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு அருகே ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை அருவி. செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை. ஒரே அம்பால் பல விலங்குகளை வீழ்த்திய ஓரியின் வில்லாற்றலைப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். அந்தக் கடையெழு வள்ளலின் நினைவாக ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அரசு விழா எடுக்கிறது. இயற்கையும் மரபும் இவ்வளவு நெருக்கமாக அமைந்த மலைகள் தமிழகத்தில் குறைவு.

அருவிக்குப் போகும் வழியெங்கும் முடவாட்டுக்கால் சூப் விற்கிறார்கள். பாறைகளிலும் மரங்களிலும் பற்றி வளரும் பெரணி ஒன்றின் கிழங்கு அது. உரோமம் படர்ந்து ஆட்டுக்காலைப் போலவே இருக்கும். மூட்டு வலிக்கு நல்லது என்ற நம்பிக்கையால் வருகிறவர்களெல்லாம் ஒரு குவளை அருந்துகிறார்கள். பலர் கிழங்கையும் வாங்கிச் செல்கிறார்கள். நானும் அருந்தினேன். மதிய உணவுக்குச் சாமைச் சோறு தேடியபோதுதான் வியப்பு ஏற்பட்டது. நான் ஏறி இறங்கிய உணவகங்களில் பரோட்டாவும் ஃபிரைடு ரைஸும் கோழி பிரியாணியும் இருந்தன, சாமை இல்லை. சாலையோரக் கடையில் ஓர் அம்மாவிடம் கேட்டேன். “வீட்ல கொஞ்சம் கிடக்குதுங்க சார். இங்க வந்து அதை யாரு கேக்கறாங்க?” என்றார்.

இந்த மலையின் முதன்மை உணவே சாமையும் தினையும் கேழ்வரகும்தான். பழங்குடிகளான மலையாளி மக்கள் பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, சடன் சாமை எனச் சாமையிலேயே பல உள்ளூர் ரகங்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தவர்கள். பின்னர் மரவள்ளி வந்தது. ஜவ்வரிசி ஆலைகள் வாங்கிக்கொள்வதால் அதற்குக் கையில் பணம் கிடைத்தது. நியாய விலைக் கடை அரிசியும் எளிதாகக் கிடைத்தது. சாமையையோ உரலில் இட்டுக் குத்தி உமி நீக்க வேண்டும். அந்தப் பாடு முழுவதும் பெண்களுடையது. எனவே, சாமையைக் கைவிட்டதற்காக அம்மக்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கு பணியாற்றி, உமி நீக்கும் இயந்திரங்களையும் மகளிர் குழுக்களின் விற்பனை முயற்சிகளையும் கொண்டுவந்தது. இந்தியாவின் முன்மொழிவை ஏற்று 2023-ஐப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்தது. இன்று நகரத்துக் கடைகளில் சாமை அழகிய உறைகளில் விற்கிறது. அது விளைந்த மலைக்கு வருகிறவர்களின் இலையில் மட்டும் அது இல்லை.

இங்கேதான் சுற்றுலாவின் இரண்டு முகங்களும் தெரிகின்றன. முடவாட்டுக்கால் காட்டில் தானாக வளர்வது. அதை யாரும் விதைப்பதில்லை. பாறையிலிருந்து பெயர்த்தெடுக்கும் வேகத்துக்கு அது வளர்ந்து ஈடுகொடுக்குமா? கேட்கும் கூட்டம் பெருகப் பெருகக் காடு இழந்துகொண்டே இருக்கும். சாமையின் நிலை இதற்கு நேர்மாறானது. அது வயலில் விளைவது. கேட்பவர் பெருகினால் விதைப்பவரும் பெருகுவார். பயணியின் பசி ஒன்றுதான். அது எதன் மீது திரும்புகிறது என்பதைப் பொறுத்து மலை வாழும் அல்லது தேயும். வாகன எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் எந்தத் திட்டத்திலும் இந்த வேறுபாடு இடம்பெறாது.

செய்யக்கூடியவை மிகக் கடினமானவையும் அல்ல. மலையில் உள்ள அரசு விடுதிகள், மகளிர் குழு உணவகங்கள் ஆகியவற்றில் நாள்தோறும் ஒரு வேளையாவது சாமை உணவை உறுதிசெய்யலாம். அதற்கான தானியத்தை மலை விவசாயிகளிடமே முன்கூட்டி விலை பேசி வாங்கலாம். முடவாட்டுக்காலை எங்கே, எவ்வளவு, எந்தப் பருவத்தில் எடுப்பது என்பதைக் கிராம சபைகள் தீர்மானிக்கட்டும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சிறு வனப் பொருள்களைச் சேகரிக்கும் உரிமையோடு, காட்டைக் காக்கும் பொறுப்பையும் அம்மக்களுக்கே வழங்குகிறது. தாங்குதிறன் ஆய்வை நெரிசல் முற்றிய பிறகு நீதிமன்றம் சொல்லிச் செய்வதைவிட, விடுதிகள் பெருகுவதற்கு முன்பே செய்வதுதான் சிக்கனம்.

இன்னொன்றும் உண்டு. பழங்குடிகளுக்குச் சிறப்புப் பாதுகாப்பு தரும் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று தமிழகத்தில் எந்த மலையும் அறிவிக்கப்படவில்லை. நிலத்தின் மதிப்பு உயரும்போது, உரியவர்கள் தங்கள் தோட்டத்திலேயே விடுதிக் காவலாளியாக நிற்கும் நிலை பல மலைகளில் வந்திருக்கிறது. கொல்லிமலையில் சுற்றுலாவை வளர்க்கும் எந்தத் திட்டமும், இந்தக் கேள்விக்கு விடை சொல்லிவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்துவைக்க வேண்டும்.

அந்தக் கடைக்கார அம்மா மறுநாள் எனக்காகச் சாமைச் சோறு ஆக்கி, மொச்சைக் குழம்போடு பரிமாறினார். பக்கத்து மேசையில் இருந்த குடும்பம் எட்டிப் பார்த்து, அதுவே தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டது. என் ஒருவனுக்கு மட்டும்தான் ஆக்கியிருந்தார். ‘அடுத்த முறை முன்னாடியே சொல்லிட்டு வாங்க’ என்று அவர்களிடம் சொன்னபோது, அவர் முகத்தில் வருத்தத்தைவிட மகிழ்ச்சியே மிகுந்திருந்தது. மலைக்குப் போகிற நாம் செய்ய வேண்டியதும் அதுதான்: முன்கூட்டியே சொல்வது, போனதும் கேட்டு உண்பது.