நூறு வீட்டில் ஒன்றுகூட மிச்சமில்லை

வாரக் கடைசியில் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது? வானொலியில் நேயர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். பேரங்காடி பேரைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. இந்த வாரம் ஒரு வீட்டைச் சொல்கிறேன்.

இரட்டைக் கோபுரத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஜாலான் ஸ்தோனோரில் 'பாடான் வாரிசான் மலேசியா' வளாகத்துக்குள் நிற்கிறது பெங்ஹுலு அபு செமானின் வீடு. (வாரிசான் என்றால் பாரம்பரியம். நம்ம 'வாரிசு'ம் அதுவும் அரபு மொழி வழியில் அக்கா தங்கை.) கெடா மாநிலத்தில் பண்டார் பாரு பக்கத்துக் கம்பம் ஒன்றின் தலைவர் வீடு அது. 1910-இல் தொடங்கி 1930-களின் ஆரம்பம் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியிருக்கிறார்கள். பிறகு பாழடைந்து கிடந்தது. 1990-களில் அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, கோலாலம்பூருக்குக் கொண்டுவந்து, மறுபடியும் பூட்டி நிறுத்தினார்கள்.

மரத்தை மரத்தில் செருகிப் பொருத்திய வீடு என்பதால் பிரிக்கவும் முடிந்தது, பூட்டவும் முடிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினால் காலுக்கடியில் பலகை குளிர்கிறது. தூண்மேல் நிற்கும் தரை, தாழ்வான சன்னல், சுவர் உச்சியில் காற்று போக வழி. வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே உட்கார்ந்திருக்க முடிகிறது. என் அடுக்குமாடி வீட்டில் ஏர்கோன் இல்லாமல் பத்து நிமிடம் தாங்காது!

அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒரு கேள்வி வந்தது. இது தலைவர் வீடு. நம் தாத்தா பாட்டி குடியிருந்த வீட்டை இப்படி ஏறிப் பார்க்க எங்கே போவது?

பிரிக்பீல்ட்ஸில் இருந்தது. ஜாலான் ரொசாரியோவிலும் ஜாலான் சான் ஆ தோங்கிலும் 1905-இல் ரயில்வே ஊழியர்களுக்காகவும் மற்ற அரசு ஊழியர்களுக்காகவும் கட்டிய 'நூறு குவார்ட்டர்ஸ்'. தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்து இந்த நாட்டின் ரயிலை ஓட்டியவர்கள், டிக்கெட் கிழித்தவர்கள், கணக்கு எழுதியவர்கள் பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்த வரிசை. 2014 வாக்கில் மேம்பாட்டுக்காக இடித்துவிட்டார்கள். நூறில் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. கிள்ளான் பக்கத் தோட்ட லயங்கள் பலவற்றுக்கும் இதே கதிதான். அவை நின்ற இடத்தில் இன்று தாமான்.

"ஒழுகுற வீடு, இருட்டுச் சமையலறை, அதை வைத்து என்ன செய்ய?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரைப் பாருங்கள். 1521-இல் யாக்கோப் ஃபுகர் என்ற பெரும் வணிகர் ஏழைகளுக்காக நிறுவிய 'ஃபுகராய்' குடியிருப்பு அங்கே இன்னும் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து சிதைந்ததைத் திரும்பக் கட்டினார்கள். இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். ஆண்டு வாடகை 88 காசு யூரோ. நம் கணக்கில் சில வெள்ளி, ஒரு ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சாப்பிடும் காசு! அதில் ஒரு வீட்டை மட்டும் பழைய சாமான்களோடு அப்படியே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஏழை வீடும் பார்க்க வேண்டியதுதான் என்று அந்த ஊர் முடிவு செய்திருக்கிறது.

நம்மவர்களுக்கு அப்படி முடிவு செய்யும் உரிமையே இருந்ததில்லை. குவார்ட்டர்ஸ் அரசாங்கத்துடையது, லயம் தோட்டத்துடையது. வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். வீடு நம் பெயரில் இல்லை. அந்த வீட்டைப் பற்றிய ஞாபகம் மட்டும் நம்முடையது. அதைச் சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது.

நம்மிடம் கைப்பேசி இருக்கிறது. வானொலிப் பேட்டியில் நான் செய்வதையே சொல்லித் தருகிறேன். "அந்தக் காலத்தில் எப்படி இருந்தது?" என்று மட்டும் கேட்காதீர்கள், "அப்போவெல்லாம் நல்லா இருந்துச்சு" என்று முடித்துவிடுவார்கள். "வாசலிலிருந்து உள்ளே கூட்டிட்டுப் போங்க பாட்டி" என்று கேளுங்கள். வலதுபக்கம் என்ன? சாமி படம் எந்தச் சுவரில்? யார் எங்கே படுத்தார்கள்?

நூறு குவார்ட்டர்ஸில் இருபது ஆண்டுக்கு மேல் வாழ்ந்த என் அத்தையிடம் போன வாரம் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார். முதலில் சந்து, அப்புறம் துணி துவைக்கிற கல், அப்புறம் அடுப்பு.

"அத்தை, வாசலிலிருந்து சொல்லுங்க."

"இதான்யா வாசல். முன் கதவை யாரு தொறந்தா? எல்லாரும் பின்பக்கமாத்தானே வருவாங்க."